முப்பதுக்கு மேற்பட்ட நாயகர்கள், அவர்களில் ஆறு பேர்: மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் 3-ஐப் புதிதாகத் தொடங்குவோருக்கு

மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் 3: தி பிளாக் ஆர்டர் என்ற விளையாட்டை முதன்முறையாகத் தொடங்குகிறவர் சில மணி நேரத்திற்குள் ஒரு தேர்வுத் திரையின் முன் திகைத்து நிற்பார். ஸ்பைடர்-மேன், வுல்வரின், கேப்டன் அமெரிக்கா, ஸ்டார்-லார்ட் என்று முகங்கள் வரிசையாக நிற்கும். அத்தியாயம் ஒன்று முடியும்போதெல்லாம் அந்த வரிசை இன்னும் நீளும். அணியில் இடமோ நான்கு பேருக்கு மட்டுமே. பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த விளையாட்டில் அந்தப் பழமொழி அப்படியே நடக்கிறது. யாரையும் விட்டுவிட மனமில்லாமல் எல்லோரையும் மாற்றி மாற்றி எடுக்கிறவர், பாதி வழியில் ஒருவரும் வலுவாக இல்லாத அணியோடு திணறுவார். தொடக்கத்திலேயே ஆறு பேரைத் தேர்ந்து அவர்களையே வளர்க்கிறவருக்கு இதே விளையாட்டு மிகுந்த மகிழ்ச்சி தரும். இதன் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பதை நான் முதல் முறை ஆடி முடித்த பிறகே உணர்ந்தேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு சூப்பர் ஹீரோக்கள் ஓர் அணியாகச் சேர்ந்து, மேலிருந்து பார்க்கும் கேமராவின் கீழ், கூட்டம் கூட்டமாக வரும் எதிரிகளை அடித்து முன்னேறும் இந்த வடிவத்தை ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனம் 2004-இல் எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ் விளையாட்டில் வளர்த்தெடுத்தது. அதே நிறுவனம் 2006-இல் மார்வெல் உலகம் முழுவதையும் சேர்த்து முதல் அல்டிமேட் அலையன்ஸை உருவாக்கியது. இரண்டாம் பாகத்தை 2009-இல் விகேரியஸ் விஷன்ஸ் செய்தது. அதன் பிறகு பத்தாண்டு இடைவெளி. மூன்றாம் பாகம் 2019 ஜூலை 19 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கு மட்டும் வெளியானது. வெளியிட்டது நின்டெண்டோ, உருவாக்கியது விரைவான சண்டை விளையாட்டுகளுக்குப் பெயர்போன ஜப்பானின் டீம் நிஞ்சா. இந்தக் கைமாற்றம் விளையாட்டின் குணத்தையே மாற்றிவிட்டது. முதல் பாகத்தில் ஸ்டார்க் டவரிலும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் மாளிகையிலும் நின்று நாயகர்களோடு உரையாடலாம். உடைகளுக்குத் தனித் தனிப் பலன்கள் இருந்தன. எதைச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதற்கேற்ப முடிவில் காட்டப்படும் விளைவுகள் மாறின. மூன்றாம் பாகத்தில் அவை ஏறக்குறைய இல்லை. அவற்றுக்கு ஈடாகச் சண்டை கூர்மையாகியிருக்கிறது. பழைய பாகங்களை நேசித்தவர்கள் இதை ஓர் இழப்பாக உணர்வதில் நியாயம் உண்டு; புதிதாக வருகிறவர், இது பேச்சைவிட அடிதடிக்கு முதலிடம் தரும் விளையாட்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கதையும் எளியதுதான். பேராற்றல் கொண்ட ஆறு இன்ஃபினிட்டி கற்களைத் தானோஸ் என்ற வில்லனின் படையான பிளாக் ஆர்டர் தேடுகிறது. நாயகர்கள் அதற்கு முன்பாக அவற்றை அடைய வேண்டும். கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி அணி க்ரீ என்ற வேற்றுக்கிரக இனத்தின் கப்பலுக்குள் நுழையும் முன்னுரைக் காட்சியோடு தொடங்கி, ராஃப்ட் சிறைச்சாலை, அவெஞ்சர்ஸ் டவர், எக்ஸ்-மென் மாளிகை, வக்காண்டா என்று இடம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வோர் அத்தியாயமும் மார்வெலின் வேறொரு மூலையைச் சுற்றிக் காட்டுகிறது என்பது இதன் அழகு. எந்த மூலையிலும் நின்று நிதானிக்க விடாமல் அடுத்த இடத்திற்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்பது குறை. கதைக்காக மட்டும் வாங்க நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடங்கும்போது

விளையாட்டைத் திறந்தவுடன் கடினத்தின் அளவைக் கேட்கும். முதலில் கிடைப்பவை இரண்டு: எளிதான ஃப்ரெண்ட்லி, வழக்கமான மைட்டி. இதற்கு மேலுள்ள சுப்பீரியர் கதையை முடித்த பிறகே திறக்கும். குழந்தைகளோடு ஆடுவதாக இருந்தாலோ, இவ்வகை விளையாட்டு இதுவே முதல் முறை என்றாலோ, தயங்காமல் ஃப்ரெண்ட்லியைத் தேர்ந்தெடுங்கள். முன்பே பழக்கமுள்ளவர் மைட்டியில் தொடங்கலாம். ஆனால் அதில் பாஸ் எனப்படும் பெரிய வில்லன்களோடான சண்டைகள் திடீரென்று கடினமாகும் இடங்கள் சில உண்டு. அங்கே தோற்பது உங்கள் கை வேகத்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அணியின் லெவல், அதாவது நாயகர்கள் வளர்ந்திருக்கும் படி, குறைவாக இருப்பதுதான் காரணம். ஒரு பாஸிடம் மூன்று முறை தொடர்ந்து தோற்றால் நான்காவது முறை மோதுவதற்கு முன் அணியினரின் லெவலைப் பாருங்கள்.

முன்னுரைக் காட்சியில் அணி உங்கள் தேர்வல்ல. ஸ்டார்-லார்ட், கமோரா, டிராக்ஸ், ராக்கெட்டும் க்ரூட்டும் சேர்ந்த ஒருவர் என்று கார்டியன்ஸ் நால்வரும் தரப்படுவார்கள். இதைப் பயிற்சிக் களமாக நினைத்து, நால்வரையும் ஒவ்வொருவராக மாற்றி ஆடிப் பாருங்கள். ஸ்டார்-லார்ட் தூரத்திலிருந்து சுடுகிறவர், கமோரா விரைந்து வெட்டுகிறவர், டிராக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் நின்று தாங்கி அடிக்கிறவர். பின்னால் வரும் ஏறக்குறைய எல்லா நாயகரும் இந்த வகைகளில் ஏதேனும் ஒன்றின் சாயலைக் கொண்டவர்கள்தான். ஆகவே உங்கள் கைக்கு எந்த வகை ஒத்துவருகிறது என்பது இந்த முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

வழியில் நீல ஒளியோடு நிற்கும் ஷீல்டு முனையங்களைக் கவனியுங்கள். அங்கேதான் அணியை மாற்றலாம், உடல்நலம் மீளும், விளையாட்டைச் சேமிக்கலாம். ஒரு முனையத்தைக் கண்டால் அதைத் தொடாமல் கடந்து போகாதீர்கள்; பாஸ் சண்டைக்குச் சற்று முன்பாக ஒரு முனையம் இருப்பது வழக்கம் என்பதால், அதைப் பார்த்ததுமே அடுத்த கதவுக்கு அப்பால் பெரிய சண்டை காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கட்டுரையின் மையம் இந்தப் பகுதிதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

சண்டையில் இருக்கும் நால்வர் மட்டுமே அனுபவப் புள்ளி பெற்று வளர்கிறார்கள். வெளியே காத்திருப்பவர்கள் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவரோ கதையின் அந்தக் கட்டத்திற்கு ஏற்ற லெவலில் வந்து சேர்கிறார். இதனால் விளைவதை எண்ணிப் பாருங்கள். மூன்றாவது அத்தியாயத்தில் உங்களுக்குப் பிடித்தமான ஒருவரைச் சற்று ஓய்வில் விட்டுவிட்டு, புதிதாக வந்த ஒருவரை ஆசைக்காக எடுக்கிறீர்கள். இரண்டு அத்தியாயம் கழித்துப் பழையவரை மறுபடி அழைக்கும்போது அவர் பத்துக்கும் மேற்பட்ட லெவல் பின்தங்கி நிற்கிறார். சாதாரண எதிரியின் இரண்டு அடிக்கே விழுகிறார். விளையாட்டு உங்களுக்கு முப்பதுக்கு மேற்பட்ட நாயகர்களைக் கொடுத்துவிட்டு, அவர்களைச் சுதந்திரமாக மாற்றி ஆடுவதற்குத் தண்டனையும் கொடுக்கிறது. உருவாக்கியவர்கள் காத்திருப்போருக்கும் பாதி அனுபவப் புள்ளியாவது கொடுத்திருக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. அப்படிச் செய்திருந்தால் இந்த விளையாட்டின் மதிப்பு இன்னொரு படி உயர்ந்திருக்கும்.

இருப்பதை வைத்து நாம் செய்யக்கூடியது இது. முதல் இரண்டு அத்தியாயங்கள் வரை, கிடைக்கும் எல்லோரையும் ஆசை தீர ஆடிப் பாருங்கள். அப்போது லெவல் வேறுபாடு சிறியது, இழப்பு எதுவும் இல்லை. அதன் பிறகு அமர்ந்து ஆறு பேரை முடிவு செய்யுங்கள். நால்வர் நிலையான அணி, இருவர் மாற்று. அந்த இருவரையும் அவ்வப்போது உள்ளே கொண்டுவந்து உடன் வளர்த்து வாருங்கள். ஆறுக்கு மேல் போக வேண்டாம்.

யார் அந்த ஆறு பேர் என்பது உங்கள் விருப்பம். ஆயினும் அணியின் அமைப்பில் மூன்று தேவைகளை நான் எப்போதும் பார்ப்பேன். ஒருவராவது தூரத்திலிருந்து தாக்க வேண்டும்; கேப்டன் மார்வெல், அயர்ன் மேன், ஸ்கார்லெட் விட்ச் போன்றவர்கள் இதற்கு ஏற்றவர்கள். நெருங்கவே முடியாத பாஸ் வரும்போது அணியைக் காப்பாற்றுகிறவர் இவரே. ஒருவர் பெரிய உடலும் கனத்த அடியும் கொண்டவராக இருக்க வேண்டும். ஹல்க்கும் தோரும் இதில் தலைசிறந்தவர்கள். ஒருவர் கூட்டத்தைச் சமாளிக்கிறவராக இருக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களை ஒரே வீச்சில் தாக்கும் ஸ்டார்ம், வலை வீசி எதிரிகளைக் கட்டிப்போடும் ஸ்பைடர்-மேன் ஆகியோர் இதற்குப் பொருத்தமானவர்கள். நான்காவது இடம் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானவருக்கு. நீங்கள் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்போவது அவரைத்தான் என்பதால் அங்கே கணக்குப் பார்க்காதீர்கள். எனக்கு அது வுல்வரின்.

இதோடு அணிச் சிறப்பும் ஒன்று உண்டு. ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நின்றால் அணி முழுவதற்கும் வலிமை, தாங்குதிறன் போன்ற பண்புகள் கூடும். எக்ஸ்-மென்னைச் சேர்ந்த வுல்வரினும் ஸ்டார்மும் நைட்கிராலரும் ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பைடர்-மேன், மைல்ஸ் மொராலெஸ், ஸ்பைடர்-க்வென் மற்றோர் எடுத்துக்காட்டு. குழுப் பெயர்கள் படக்கதைகளின் அணிகளோடு நிற்பதில்லை; பெண் நாயகர்கள் நால்வர் சேர்ந்தாலும் தனிச் சிறப்பு உண்டு. படக்கதைகளை நேசிக்கிறவருக்கு இது உண்மையான மகிழ்ச்சி தரும் ஏற்பாடு. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழு அடையாளம் இருப்பதால், நால்வருக்குள் இரண்டு மூன்று சிறப்புகள் ஒருசேரக் கிடைக்கும்படி அமைப்பது கடினமல்ல. தேர்வுத் திரையிலேயே அது காட்டப்படும். ஆனால் சிறு விழுக்காட்டு உயர்வுக்காகப் பிடிக்காத ஒருவரை அணியில் சேர்க்காதீர்கள். கதையை முடிக்கும் வரை அது தேவைப்படாது.

சண்டையில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு நாயகருக்கும் இலேசான அடி, கனத்த அடி, அவற்றோடு நான்கு தனிச் சக்திகள் உண்டு. சக்திகள் லெவல் ஏற ஏறத் திறக்கும். அடிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் எதிரிகள் விழுவார்கள்; முதல் அத்தியாயம் முழுவதையும் அப்படியே கடந்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு நின்றுவிடுகிறவர்கள்தான் பிற்பாடு இந்த விளையாட்டைச் சலிப்பானது என்று சொல்கிறார்கள். சலிப்பில்லாத சண்டை வேறோர் இடத்தில் இருக்கிறது.

பெரிய எதிரிகளுக்கும் பாஸ்களுக்கும் உடல்நலக் கோட்டின் கீழே ஊதா நிறத்தில் இன்னொரு கோடு இருக்கும். அது அவர்களின் தாங்குநிலை. அந்தக் கோடு இருக்கும் வரை உங்கள் அடிகள் அவர்களை அசைக்காது. உடல்நலமும் துளித்துளியாகத்தான் குறையும். புதியவர்கள் பலர் அந்தத் துளிகளை எண்ணிக்கொண்டே பத்து நிமிடம் போராடுவார்கள். செய்ய வேண்டியது ஊதாக் கோட்டை முதலில் உடைப்பது. அதற்குக் கனத்த அடிகளும் கூட்டுச் சக்திகளும் உதவும்.

கூட்டுச் சக்தி என்பது சினர்ஜி. நீங்கள் ஒரு சக்தியைப் பயன்படுத்தும்போது, அதோடு பொருந்தும் சக்தியுடைய கூட்டாளி அருகில் இருந்தால் திரையில் ஒரு பொத்தான் குறி மின்னும். அதை அழுத்தினால் இருவர் சக்தியும் கலந்து பாயும். கேப்டன் அமெரிக்காவின் கேடயமும் இன்னொருவரின் ஒளிக்கதிரும் ஒன்றாகி அறை முழுவதும் சிதறும்போது, எதிரிகளின் தலைக்கு மேல் எண்கள் மழையாய்ப் பொழியும். ஊதாக் கோடு கண்ணெதிரே கரையும். குறி தோன்றும் ஒவ்வொரு முறையும் அழுத்துங்கள் என்பதே தொடக்கத்தில் நான் சொல்லக்கூடிய எளிய விதி. பிறகு எந்த இருவர் எளிதாகப் பொருந்துகிறார்கள் என்பதைப் பார்த்து, உங்கள் ஆறு பேரில் அந்த இணையை அணியில் வையுங்கள்.

ஊதாக் கோடு உடைந்த அந்த நொடியை நெருங்கிப் பார்க்க வேண்டும். அதுவரை மலைபோல் நின்ற வில்லன் தள்ளாடி முழங்காலிடுவான். சில வினாடிகளுக்கு அவனால் திருப்பி அடிக்க முடியாது. இப்போது விழும் ஒவ்வோர் அடியும் முழுமையாக உடல்நலத்தில் இறங்கும். இந்த வினாடிகளுக்காகவே எக்ஸ்ட்ரீம் எனப்படும் பெருந்தாக்குதலைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். அடித்து அடித்து மஞ்சள் அளவி நிரம்பியதும், அவசரப்பட்டுச் சில்லறை எதிரிகள் மேல் அதை வீணாக்காமல் வைத்திருங்கள். பாஸ் தள்ளாடும்போது ஒருவர் எக்ஸ்ட்ரீமைத் தொடங்க, அளவி நிரம்பிய மற்றவர்களும் சேர்ந்துகொண்டால் நால்வரின் பேராற்றலும் ஒரே நேரத்தில் வெடிக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற அந்தக் காட்சிதான் இந்த விளையாட்டு தரும் ஆகச் சிறந்த இன்பம். ஒற்றை நாயகனை வைத்து ஆடும் எந்தச் சூப்பர் ஹீரோ விளையாட்டிலும் இது எனக்குக் கிடைத்ததில்லை.

தற்காப்பையும் மறக்கக் கூடாது. விலகி உருளுவதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். பாஸ்கள் பெரிய அடிக்கு முன் கையை ஓங்குவார்கள், அல்லது ஒரு கணம் உறைந்து நிற்பார்கள். அந்தக் கணத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டு விலகுகிறவரே கடைசி வரை நிற்பார். கூட்டாளி விழுந்துவிட்டால் அருகே சென்று பொத்தானை அழுத்திப் பிடித்து எழுப்பலாம். எழுப்பும் வாய்ப்பு கணக்கில்லாதது அல்ல என்பதால், கணினி ஆடும் கூட்டாளி விழுந்தவுடன் பதறி ஓடாமல், பாஸ் வேறு பக்கம் திரும்பும் வரை பொறுத்துப் போங்கள். நீங்கள் ஆடிக்கொண்டிருப்பவர் விழப்போகிறார் என்று தெரிந்தால், உடனே வேறொருவருக்கு மாறிவிடுவதும் நல்ல உத்தி. நால்வரும் உங்கள் நால்வரே.

கேமரா

இந்த விளையாட்டைப் பற்றி எங்கே பேசினாலும் எழும் முதல் குறை கேமரா. அந்தக் குறை உண்மையானது. திறந்த வெளியில் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். ஹேண்ட் நிஞ்சாக்கள் நிறைந்த ஷேடோலேண்ட் அத்தியாயத்தைப் போல் இடைவழிகளும் மூடிய அறைகளும் வரும் இடங்களில் நிலைமை வேறு. சுவரோரமாக நாயகர் ஒதுங்குகிறார். கேமரா சுவரை விட்டு விலக முயன்று முதுகுப்புறம் ஒட்டிக்கொள்கிறது. எதிரிகள் எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் இரண்டு அடி விழுந்துவிடுகிறது. நால்வர் ஒரே திரையில் ஆடும்போது ஒருவர் முன்னே ஓட, ஒருவர் பின்தங்க, இடையில் நிற்கிறவர் தூணுக்குப் பின்னால் மறைந்தேபோவார்.

முழுத் தீர்வு இல்லை. பாதித் தீர்வுகள் உண்டு. தனியாக ஆடும்போது, நாயகரின் தோளுக்குப் பின்னால் நெருங்கி வரும் ஹீரோயிக் கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம். நாயகர் பெரிதாகத் தெரிவார், அடிகளுக்குக் கனம் கூடியது போலிருக்கும். ஆனால் சுற்றிலும் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் போகும். புதியவர் பழைய தொலைக் கேமராவிலேயே கதையை முடிப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். இடைவழியில் சண்டை தொடங்கினால், முன்னேறாமல் வந்த வழியே பின்வாங்கி அகலமான இடத்திற்கு எதிரிகளை இழுத்து வாருங்கள். நண்பர்களோடு ஆடும்போது ஒருவரை வழிகாட்டியாக நியமித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் யாரும் ஓடக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இந்தச் சிறிய ஒப்பந்தம் கேமராவின் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும் சிறு திரையில் நான்கு நாயகர்களும் சக்திகளின் வண்ண ஒளிகளும் ஒன்றாகக் கலந்து, நம் நாயகர் எங்கே என்று தேட வேண்டிவரும். முடிந்தவரை தொலைக்காட்சியில் இணைத்து ஆடுங்கள்.

சேர்த்ததைச் செலவிடும் முறை

சண்டைகளும் உடைபடும் பெட்டிகளும் உங்களுக்குப் பல வகைப் பொருள்களைத் தரும்: பணம் போன்ற கிரெடிட், சக்திகளை வளர்க்கும் ஆர்ப், நாயகரின் பண்புகளை உயர்த்தப் பொருத்தும் ஐசோ-8 கற்கள், அனுபவப் புள்ளி தரும் எக்ஸ்பி கியூப். இவற்றின் பட்டியலைப் பார்த்ததும் தலைசுற்றுவது இயல்பு. விளையாட்டும் இவற்றை அவசர அவசரமாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இதை ஒரு பெருங்குறையாகவே நான் கருதுகிறேன். முதல் முறை ஆடியபோது, கையிலிருந்த ஆர்ப்களை எல்லாம் பத்துப் பன்னிரண்டு நாயகர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தேன். கடைசி அத்தியாயங்களில் ஒருவரின் சக்திகூட முழுமையாக வளரவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

கிரெடிட்டுகளை முதலில் ஆய்வகத்தில் செலவிடுங்கள். அங்கே தேன்கூட்டைப் போல் அறுகோணங்கள் அடுக்கிய ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஓர் அறுகோணத்தைத் திறந்தால் வலிமை, தாங்குதிறன், உடல்நலம் போன்ற பண்புகளில் ஒன்று உயரும். அந்த உயர்வு அணியில் உள்ள நால்வருக்கு மட்டுமன்றி, காத்திருக்கும் எல்லா நாயகருக்கும் சேரும். பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் ஒரே பொதுவான வழி இது என்பதால் இதற்கே முதலிடம். ஆர்ப்களை உங்கள் நிலையான நால்வருக்கு மட்டும் கொடுங்கள். அவர்களிலும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் இரண்டு சக்திகளை முதலில் உயர்த்துங்கள்.

பண்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்ட்ரெங்த் என்பது கை, கத்தி, சுத்தியல் போன்ற உடல் தாக்குதலுக்கு உரியது; மாஸ்டரி என்பது ஒளிக்கதிர், மின்னல், மந்திரம் போன்ற ஆற்றல் தாக்குதலுக்கு உரியது. அவற்றைத் தாங்கும் திறன்களும் அதேபோல டியூரபிலிட்டி, ரெசிலியன்ஸ் என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. ஹல்க்குக்கு மாஸ்டரி உயர்த்தும் கல்லைப் பொருத்துவதில் பயன் சிறிது. ஸ்கார்லெட் விட்சுக்கு அதுவே உயிர். ஐசோ-8 கற்களைப் பொருத்தும்போது இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தேவையற்ற கற்களை உடைத்து, நல்ல கற்களை வளர்க்கப் பயன்படுத்தலாம். கற்களை ஆராய்ந்து ஒப்பிட்டு நேரம் செலவிடுவது சுப்பீரியர் நிலைக்குப் போன பிறகு செய்ய வேண்டிய வேலை.

எக்ஸ்பி கியூப்களைக் கையிருப்பில் சேர்த்து வையுங்கள். பாஸிடம் தோற்று நிற்கும்போது நால்வருக்கும் இரண்டு மூன்று லெவல் ஏற்றிக்கொள்ளவும், பிற்பாடு ஒரு புதிய நாயகர் மீது உண்மையான ஆசை வந்தால் அவரை ஒரே மூச்சில் உயர்த்தவும் அவை பயன்படும். பெரிய கியூப்களை இரண்டாவது தேவைக்கென்றே ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

இன்ஃபினிட்டி சோதனைகள்

அத்தியாயங்களுக்கு நடுவே ஒளிரும் பிளவுகள் தென்படும். அவற்றைத் தொட்டால் இன்ஃபினிட்டி சோதனைகள் திறக்கும். முன்பு வென்ற பாஸையோ எதிரிக் கூட்டத்தையோ ஏதேனும் ஒரு நிபந்தனையோடு மீண்டும் வெல்ல வேண்டும். கால வரம்பு இருக்கலாம், குறிப்பிட்ட வகைத் தாக்குதல் மட்டுமே பலிக்கலாம். பரிசாக எக்ஸ்பி கியூப், உடைகள், ஐசோ-8 ஆகியன கிடைக்கும். எலெக்ட்ரா, லோகி, மேக்னீட்டோ, தானோஸ் ஆகியோரை அணியில் சேர்க்கும் வழியும் இந்தச் சோதனைகள்தான்.

கதையை நிறுத்திவிட்டுச் சோதனைகளிலேயே மூழ்குவதும் தவறு, அவற்றை முற்றிலும் ஒதுக்குவதும் தவறு. அத்தியாயம் ஒன்று முடிந்ததும் உங்கள் லெவலுக்கு ஏற்ற நான்கைந்து சோதனைகளை ஆடுங்கள். நிலையான நால்வரை ஓய்வில் விட்டு, மாற்று இருவரை இங்கே கொண்டுவந்து வளருங்கள். ஒன்றில் இரண்டு முறை தோற்றால் விட்டுவிட்டு நகருங்கள். ஐந்து லெவல் கழித்து வந்தால் அதுவே எளிதாக முடியும்.

நால்வராக ஆடுதல்

தனியாக ஆடும்போது இது நல்ல விளையாட்டு. நால்வராக ஆடும்போது மிக நல்ல விளையாட்டு. ஒரே அறையில் ஒரு தொலைக்காட்சி முன்னாலும் ஆடலாம், இணையம் வழியாகவும் ஆடலாம். கணினி கட்டுப்படுத்தும் கூட்டாளிகள் மோசமானவர்கள் அல்லர். ஆனால் சரியான நேரத்திற்காகக் காத்திருக்க அவர்களுக்குத் தெரியாது. ஊதாக் கோடு உடையப்போகிறது என்று ஒருவர் குரல் கொடுக்க, மற்ற மூவரும் எக்ஸ்ட்ரீமுக்குத் தயாராவதை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

என் அண்ணன் பிள்ளைகள் இருவரோடு ஒரு விடுமுறையில் இதை மறுபடி முதலிலிருந்து ஆடினேன். சின்னவளுக்கு எட்டு வயது. கன்ட்ரோலரைப் பிடித்ததே அன்றுதான். அவளுக்கு ஸ்பைடர்-க்வென்னைக் கொடுத்து, "சித்தப்பா பக்கத்துல குறி மின்னுச்சுன்னா அதை அமுக்கு, அது போதும்" என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவள் எங்கள் இருவரையும்விடக் கூடுதலாகச் சினர்ஜி தாக்குதல்களைச் செய்துகொண்டிருந்தாள். விழுந்தால் எழுப்ப ஆள் இருக்கிறது, ஒருவர் பிழை எல்லோரையும் கவிழ்ப்பதில்லை என்பதால், திறமை வேறுபட்டவர்கள் சேர்ந்து ஆட இதைப் போலப் பொருத்தமான விளையாட்டுகள் குறைவு. புதியவர்களைச் சேர்க்கும்போது கடினத்தை ஃப்ரெண்ட்லிக்குக் குறைத்துக்கொண்டு, பறக்கும் நாயகர்களைத் தவிர்த்துத் தரையில் ஓடுகிறவர்களையே முதலில் கொடுங்கள். பறப்பவர் கேமராவின் எல்லைக்கு மேலே போய்த் தன்னையே தொலைத்துவிடுவார்.

கதை முடிந்த பிறகு

கதையை முடித்ததும் சுப்பீரியர் நிலை திறக்கும். வளர்த்த அணியோடு மீண்டும் முதலிலிருந்து போகலாம். ஐசோ-8 கற்களின் நுட்பம், அணிச் சிறப்பின் கணக்கு ஆகியவை உண்மையில் பொருள்படுவது இங்கேதான். விரும்பாதவர் கதையோடு நிறுத்திக்கொண்டாலும் வாங்கிய விலைக்கு நிறைவு உண்டு.

வெளியான சில வாரங்களில், 2019 ஆகஸ்டில், சைக்ளாப்ஸும் கொலோசஸும் இலவசமாகச் சேர்க்கப்பட்டார்கள். விளையாட்டைப் புதுப்பித்துக்கொண்டால் அவர்கள் கிடைப்பார்கள். பிறகு தனி விலையில் மூன்று கூடுதல் தொகுப்புகள் வந்தன. முதலாவதில் பிளேடு, மூன் நைட், மோர்பியஸ், பனிஷர்; இரண்டாவதில் ஃபீனிக்ஸ், காம்பிட், ஐஸ்மேன், கேபிள்; 2020 மார்ச்சில் வந்த மூன்றாவதில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வரும், அவர்களோடு டாக்டர் டூமை எதிர்க்கும் ஒரு புதிய கதையும். முதல் இரண்டும் முதன்மையாகச் சோதனைகளை விரும்புகிறவர்களுக்கானவை. கதையை முடித்து இன்னும் ஆட மனமிருந்தால் மட்டும் இவற்றை நாடுங்கள். தொடக்கத்திலேயே வாங்கிவிட்டால், ஏற்கெனவே நீண்டு கிடக்கும் அந்தத் தேர்வுத் திரையில் இன்னும் பல முகங்கள் வந்து நிற்கும்.